ஜெஃபர்சனும் செக்குமாடும்

நேத்து ஆபீஸ்ல பில்டு ஓடி முடியறதுக்குள்ள இன்பாக்ஸை கொஞ்சம் சுத்தம் பண்ணலாம்னு உட்கார்ந்தேன். படிக்காத மெயில் மட்டும் முன்னூத்திச் சொச்சம். வழக்கமான புலம்பலை ஆரம்பிக்கும்போது தாமஸ் ஜெஃபர்சன் ஞாபகத்துக்கு வந்தார். நம்மளை விடப் பெரிய புலம்பல் கேஸ் அவர்!

1809-ல ஜனாதிபதி பதவியை முடிச்சுட்டு, வெர்ஜீனியாவுல மான்டிசெல்லோ வீட்டுக்குத் திரும்பினார். இனிமே புத்தகம், தோட்டம்னு நிம்மதியா இருக்கலாம்னு நினைப்பு. ஆனா தபால்காரர் விடலையே! அந்தக் காலத்து அமெரிக்காவுல பெரும்பாலும் கடிதத்தை வாங்கறவர்தான் தபால் காசு குடுக்கணும். முன்னாள் ஜனாதிபதிகளுக்கு மட்டும் வர்றதும் போறதும் இலவசம்னு சட்டம் போட்டுட்டாங்க. சலுகைதான், ஆனா அதுவே வினையாவும் ஆச்சு. எழுதறவருக்கும் செலவில்லை, பெரியவருக்கும் செலவில்லைன்னா யார்தான் சும்மா இருப்பாங்க? வேலைக்கு சிபாரிசு, புதுப் புத்தகத்துக்கு அபிப்பிராயம், கண்டுபிடிப்புக்கு ஆசீர்வாதம்னு வந்து குவிஞ்சுது.

மனுஷர் வந்தது, போனது எல்லாத்தையும் நோட்டுல குறிச்சு வச்சவர். 1820-ல மட்டும் எத்தனை வந்துதுன்னு ஒருநாள் எண்ணிப் பார்த்தார். 1267! ஒரு நாளைக்கு மூணுக்கு மேல. வயசு 77, பாரிஸ்ல இருந்தப்ப அடிபட்ட வலது மணிக்கட்டு வேற சரியா மடங்காது. 1822-ல ஜான் ஆடம்ஸுக்கு எழுதறப்ப, ஆலையில கட்டின குதிரை மாதிரி சுத்தறேன், இதுவும் ஒரு வாழ்க்கையான்னு அலுத்துக்கறார். நம்ம ஊர்ல செக்குமாடுன்னு சொல்லியிருப்பார்.

ஆடம்ஸ் கில்லாடி. நான் புரியாத மாதிரி, வெடுக்குன்னு ரெண்டு வரி எழுதித் தப்பிச்சுக்குவேன், உங்க சுபாவத்துக்கு அது வராதுங்கற மாதிரி பதில் போட்டார்.

இதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டேதான் இருந்தேன். இன்னொரு கடிதம் ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்னுடுச்சு.

1814-ல எட்வர்டு கோல்ஸ்னு ஒரு இளைஞர் எழுதினார். ஜனாதிபதி மாடிசனோட செயலாளர். அப்பா வழியா அடிமைகள் சொத்தா வந்திருக்காங்க, அவங்களை வச்சுக்க மனசு ஒப்பலை. வெர்ஜீனியாவுல அடிமைமுறையை ஒழிக்க நீங்க தலைமை ஏத்துக்கணும்னு கேட்டார். ஜெஃபர்சன் ஒரு மாசத்துக்குள்ள பதில் போட்டார். அழகான, மரியாதையான, நீளமான பதில். சாரம் இதுதான்: எண்ணம் நல்லது, எனக்கு வயசாயிடுச்சு, இது இளைஞர்கள் வேலை, நீங்க ஊரை விட்டுப் போகாம இங்கயே இருங்க. இப்படி எழுதினவர் வாழ்நாள்ல 600 பேருக்கு மேல அடிமையா வச்சிருந்தவர்.

கோல்ஸ் விடலை. உங்க பேருக்கு இருக்கற செல்வாக்கு இளைஞர்களுக்குக் கிடையாதேன்னு திரும்பவும் எழுதினார். 1819-ல இல்லினாய்ஸுக்குக் குடிபோகற வழியில, ஓஹாயோ ஆத்துல படகுல போகும்போதே அவங்களை விடுவிச்சார். 1822-ல அங்க கவர்னராவும் ஜெயிச்சார்.

இதையெல்லாம் யோசிச்சப்புறம் என் 'அனுப்பியவை'யைத் திறந்தேன். போன மாசம் காலேஜ் ஜூனியர் பையன் ஒருத்தன் எழுதியிருந்தான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, மேல படிக்கறதா, கிடைச்ச வேலையில சேர்றதா, சொல்லுங்கண்ணான்னு. அன்னிக்கே பதில் போட்டிருக்கேன். "நல்லா யோசிச்சு முடிவெடுப்பா, ஆல் தி பெஸ்ட்." ஒரு மெயில் குறைஞ்சுதுன்னு சந்தோஷம் வேற.

1267-ல எத்தனைக்கு நிஜமாவே பதில் போச்சோ, எனக்குத் தெரியாது. என் கணக்குல ஒண்ணு பாக்கி. ராத்திரி பையனுக்கு போன் பண்ணினேன். முக்கால் மணி நேரம் பேசினோம். முடிவு இன்னும் எடுக்கலை, ஞாயித்துக்கிழமை மறுபடி பேசறதா இருக்கோம்.

இன்பாக்ஸ்ல மீதி முன்னூறு அப்படியேதான் கிடக்கு. கிடக்கட்டும்.