மழை பார்த்து மலை ஏறு

பினாங்குக் கொடிமலைக்கு எப்படிப் போவது என்று கேட்டால், பெரும்பாலோர் “ஆயர் ஈத்தாமில் ரயில் ஏறு” என்பார்கள். 1924 புத்தாண்டு நாளில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட அந்த மலை ரயில், இன்று பத்து நிமிடத்துக்குள் நம்மை உச்சியில் இறக்கிவிடுகிறது. ஆனால் சிலர் மட்டும் “காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்ப?” என்று திருப்பிக் கேட்பார்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

அவர்கள் கூடும் இடம் தண்ணீர்மலைச் சாலை. தைப்பூசத்தன்று காவடிகள் போகும் அதே சாலைதான். முருகன் கோயிலைத் தாண்டி, 1884-இல் உருவான தாவரவியல் பூங்காவை நெருங்கும்போது, சாலையோரத்தில் வட்டமான பழைய வாசல் ஒன்று தெரியும். ‘மூன் கேட்’ என்பார்கள். அங்கிருந்து காட்டுப் பாதை ஆரம்பம். வேர்களே படிக்கட்டு. பாதி வழியில் ‘84’ என்று அழைக்கப்படும் ஓய்விடம். அதன்பின் உச்சிவரை செங்குத்தான ஜீப் சாலை.

வானொலியில் காலை நிகழ்ச்சி இல்லாத நாள்களில் நானும் அவர்களோடு சேர்ந்துகொள்வேன். ஆறு மணிக்கு இன்னும் இருட்டு விலகியிருக்காது. நெற்றியில் விளக்கு, கையில் கம்பு, கழுத்தில் துண்டு. எதிரே வருபவர் யாராக இருந்தாலும் ஒரு வாழ்த்து உண்டு: ‘செலாமாட் பாகி’, ‘ஜோ சான்’, ‘வணக்கம்’. 84-இல் தன்னார்வலர்கள் தேநீர் வைத்திருப்பார்கள். விருப்பப்பட்டதை உண்டியலில் போடலாம். சிலர் பையில் சீனியும் பிஸ்கட்டும் சுமந்து வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள்.

ரயில் இருக்கும்போது ஏன் இந்தப் பாடு? எழுபதைத் தாண்டிய, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் கேட்டேன். “மேல போய் என்னம்மா பண்ணப் போறேன்? தே குடிச்சிட்டு இறங்குறதுதான். ஆனா ஏறுற ரெண்டு மணி நேரம் என்னை யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க” என்றார். தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நேராக வரும் இளைஞர்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள்.

பனி நாடுகளிலும் இவர்களுக்கு உறவினர்கள் உண்டு. இழுவைக் கம்பிவட வண்டியை நாடாமல், சறுக்குக் கட்டையின் அடியில் பிடிமானப் பட்டை ஒட்டிக்கொண்டு, சொந்தக் காலால் மலையேறிச் சறுக்கி இறங்குபவர்கள். அவர்கள் ஏறுமுன் பனியில் குழி தோண்டி, அடுக்குகளைப் பார்ப்பார்கள். நடுவில் பலவீனமான அடுக்கு இருந்தால் மேலே உள்ள பனி மொத்தமும் சரிந்துவிடலாம். இப்போது அவர்களின் கவலை, பனியின் போக்கைக் கணிக்க முடியவில்லை என்பது. காஷ்மீரின் குல்மார்க்கில் 2024 ஜனவரியில் சரிவுகள் பனியின்றிப் பழுப்பாகக் கிடந்தன. 2025 பிப்ரவரியில் பனி போதாமல் தேசியக் குளிர்கால விளையாட்டுகளையே தள்ளிவைத்தார்கள்.

நமக்குப் பனி இல்லை, மண் இருக்கிறது. கொடிமலை கருங்கல் மலை. பல்லாண்டு வெயிலிலும் மழையிலும் அந்தக் கல்லின் மேற்பகுதி சிதைந்து தடித்த மண் போர்வையாகிவிட்டது. தொடர்மழையில் அந்த மண் நீர் குடித்துக் கனக்கும்; பிடிப்பு தளரும்; சரியும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு அதைக் கண்ணால் பார்த்தது. ஓர் இரவுப் புயல்மழையில் ஊர் வெள்ளத்தில் மூழ்கியது, உயிர்கள் போயின, மலையில் பல இடங்களில் மண் சரிந்து சாலைகள் துண்டிக்கப்பட்டன.

“முன்னெல்லாம் மழைக்கு ஒரு நேரம் இருந்துச்சு” என்கிறார் ஆசிரியர். தைப்பூசத்தை ஒட்டி வறட்சி, செப்டம்பர் முதல் நவம்பர்வரை நல்ல மழை, அதுவும் பெரும்பாலும் பிற்பகலில். அந்தக் கணக்கை வைத்துத்தான் ஒரு தலைமுறையே விடியலில் ஏறி, பதினோரு மணிக்குள் வீடு திரும்பியது. இப்போது காலையிலேயே கொட்டுகிறது, வறண்ட மாதத்திலும் கொட்டுகிறது என்பது பாதையில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு.

‘சில இடங்களில் இடியுடன் கூடிய மழை’ என்று ஒலிவாங்கி முன் வாசிப்பது என் தொழில். அந்த ஒரு வரி மலையேறுபவர்களுக்குப் போதாது. நேற்று முழுவதும் பெய்ததா? ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கியிருக்கிறதா? மரம் புதிதாகச் சாய்ந்திருக்கிறதா? மண்ணில் புது வெடிப்பு தெரிகிறதா? இவற்றைப் பார்த்தபடியே நடக்கிறார்கள். ஒருமுறை, மூன்று நாள் மழைக்குப் பிறகு, பாதையின் ஓரம் கைப்பிடி அகலத்துக்கு விலகியிருந்ததைக் கம்பால் தொட்டுக் காட்டிவிட்டு, ஆசிரியர் ஒரு வார்த்தை பேசாமல் கீழே இறங்கத் தொடங்கினார். பின்னால் வந்த எட்டுப் பேரும் இறங்கினோம். உச்சிக்கு இன்னும் அரைமணி நேரம்தான் இருந்தது.

கொடிமலையும் சுற்றியுள்ள காடும் கடலும் 2021 செப்டம்பரில் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாயின. அதன் பிறகு படம் பார்த்துக் கிளம்பி வரும் இளைஞர்களையும் குடும்பங்களையும் பாதையில் அதிகம் காண்கிறேன். வரவேண்டியதுதான். ஆனால் சிலர் ஜப்பான் செருப்போடு, மதியம் இரண்டு மணிக்கு ஏறத் தொடங்குகிறார்கள்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முதல் நாளே வானிலைத் துறையின் எச்சரிக்கையைப் பாருங்கள். தொடர்மழைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மூன்று நிலைகள் உண்டு. மஞ்சளாக இருந்தாலும் காட்டுப் பாதை வேண்டாம். போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். கைப்பேசியில் மின்னூட்டம் இருக்கட்டும், அவசரத்துக்கு 999. தனியாக வேண்டாம், தெரிந்தவர் ஒருவரோடு போங்கள். பையில் ஒரு பொட்டலம் சீனி கூடுதலாக இருந்தால், 84-இல் கொடுத்துவிடுங்கள்.