நான் சொல்லாமல் விட்ட வழி

பொறியியல் கலந்தாய்வில் எனக்கு முதலில் இடம் கிடைக்கவில்லை. பழவேற்காட்டில் எங்கள் குப்பத்தில் பலருக்கு இது இன்னும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவன் நான்தான்.

கட்-ஆஃப் போதவில்லை. தனியார் கல்லூரிக்குக் கட்டப் பணமும் இல்லை. முகத்துவாரம் மணல் மூடி, ஏரியில் இறால் வரத்து குறைந்திருந்த நேரம். பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்தவர்கள் டிப்ளமோவில் நேராக 2ஆம் ஆண்டில் சேரலாம். அதை முடித்தால் பி.இ. 2ஆம் ஆண்டு. அங்கே டிப்ளமோ மதிப்பெண்தான் பேசும். 2014-இல் காரைக்குடி அழகப்ப செட்டியார் பொறியியல் கல்லூரியில் நடந்த கலந்தாய்வில் எனக்கு இடம் கிடைத்தது. 4 ஆண்டுப் படிப்பு 5 ஆண்டாயிற்று, அவ்வளவுதான்.

அதைச் சொல்ல வெட்கப்பட்டேன். முதலாண்டுக் கணக்கைப் படிக்காமல் மூன்றாம் பருவக் கணக்கில் போய் உட்கார்ந்து திணறியவன் நான். வகுப்பில் எங்களை ‘லேட்டரல்’ என்று தனியாகப் பிரித்துச் சொல்வார்கள். அந்தப் பேச்சு ஊருக்கு வரக்கூடாது என்று நினைத்தேன். “கவுன்சிலிங்ல கெடச்சுது” என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

மறு வருடம் பக்கத்து வீட்டு அத்தை தன் மகனுடைய மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு வந்தார். இறால் உரித்த கை பட்டுவிடக் கூடாதென்று பிளாஸ்டிக் கவரின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்திருந்தார். “இவனுக்கு சீட்டு இல்லன்னுட்டாங்க தம்பி. வேற வழி எதனா கீதா?” பையன் வாசலில் நின்றான். அவன் கட்-ஆஃப் ஏறக்குறைய என்னுடையதுதான். பாலிடெக்னிக்குகளில் விண்ணப்பம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். சொன்னால், ‘நீ அப்படித்தான் போனியா?’ என்று அடுத்த கேள்வி வரும். “அடுத்த வருஷம் பார்க்கலாம் அத்தை” என்றேன்.

எங்கள் ஏரியில் ‘பாடு’ என்ற முறை உண்டு. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்பதைத் தலைக்கட்டுகள் கூடி, எல்லோர் முன்னாலும் முறை வைப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தும், ஒரு பையனுக்கு வர வேண்டிய முறையை என் கௌரவத்துக்காக மறைத்தேன். மறதியோ கவனக்குறைவோ இல்லை, தெரிந்தே செய்தேன்.

அவன் கொஞ்ச நாள் அப்பாவோடு வலைக்குப் போனான். இப்போது எண்ணூர்ப் பக்கம் ஒப்பந்தக் கூலி. போன வருடம் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அப்பவே சொல்லியிருக்கலாமேண்ணே” என்றான். என்னிடம் பதில் இல்லை.

பிளஸ் டூ முடிவு வந்ததும் ஒவ்வொரு குப்பத்திலும் இடம் கிடைக்காத பிள்ளைகள் இருப்பார்கள். பாலிடெக்னிக் வழியாகப் படித்து மேலே வந்தவர்கள் அவர்கள் வீட்டுக்கு நீங்களே போய், எப்படி வந்தீர்கள் என்று சொல்லுங்கள். அவர்கள் தேடி வந்து கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.