மூன்றாம் பாகம்

அமெரிக்காவில் இருக்கும் பேரன் போன மாதம் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். மேஜைமேல் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரே அளவில் மூன்று தடித்த புத்தகங்கள், முதுகில் தங்க எழுத்து. டோல்கியனின் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’. ஏற்கெனவே இரண்டு செட் வைத்திருக்கிறான், இது மூன்றாவது. “தாத்தா, இது ஸ்லிப்கேஸ் எடிஷன். உறையோட சேர்ந்தாத்தான் மதிப்பு” என்று எழுதியிருந்தான்.

என் மனைவி போட்டோவைப் பார்த்துவிட்டு, “கதை ஒண்ணுதானே? மூணு தரம் எதுக்கு வாங்கணும்?” என்றாள். பிறகு என்னையும் எங்கள் அலமாரியையும் ஒரு பார்வை பார்த்தாள். நான் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் பொன்னியின் செல்வன் மூன்று செட் இருக்கிறது.

பேரனுக்குப் பதில் எழுதும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். டோல்கியனின் முதல் பாகம் லண்டனில் வெளிவந்தது 1954 ஜூலையில். கல்கி பத்திரிகையில் பொன்னியின் செல்வன் முடிந்தது அதே 1954 மே 16-ஆம் தேதி. அவர் ஒரே புத்தகமாகப் போட ஆசைப்பட்டாராம். யுத்தத்துக்குப் பிறகு காகிதம் விலை ஏறிப்போய், பதிப்பகத்தார் மூன்றாகப் பிரித்தார்கள். நம் கல்கிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. 1950 அக்டோபர் 29-இல் ஆரம்பித்து மூன்றரை வருஷம் வாராவாரம் எழுதினார். அதைப் புத்தகமாக்கும் வேலையை வாசகர்கள் தாங்களே செய்துகொண்டார்கள்.

இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்புவதில்லை. வாரம் தவறாமல் கதைப் பக்கங்களை மட்டும் பத்திரிகையிலிருந்து பிரித்து எடுப்பார்கள். பின் குத்திய இடம் கிழியாமல் கம்பியை நிமிர்த்தி எடுக்க ஒரு பக்குவம் வேண்டும். பாகம் முடிந்ததும் கட்டாகக் கட்டி பைண்டரிடம் கொடுப்பார்கள். தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான வீடுகளில் இப்படித் தைத்த பொன்னியின் செல்வன் இருந்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு பிரதி உள்ள பதிப்பு. பேரனின் பெட்டியில் நம்பர் போட்டிருக்கிறதாம். எங்கள் அம்மாவுடையதற்கு நம்பர் போட்டிருந்தால் ‘1/1’ என்று போட்டிருக்க வேண்டும்.

அப்பா குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஆபீஸ் கிளார்க். கடை கண்ணி எதுவும் கிடையாது. தப்பால்காரர் டவுனிலிருந்து எஸ்டேட் தபால் பையோடு அம்மாவின் கல்கியையும் கொண்டுவருவார். மழையில் நனைந்து வந்தால் அம்மா அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் கொடியில் போட்டுக் காயவைத்துவிட்டுத்தான் படிப்பாளாம். நான் பிறந்தது 1953-இல், அதாவது நாலாவது பாகத்து வாக்கில். “நீ வயித்துல இருக்கும்போது நந்தினி என்ன பாடு படுத்தினா தெரியுமா” என்பாள்.

ஐந்து பாகத்தையும் குன்னூர் மார்க்கெட்டில் ஒரு பைண்டர் பச்சைக் காலிகோவில் கட்டிக் கொடுத்தார். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்திருந்தார், பூச்சி வராது. முதுகில் அப்பா வெள்ளை பெயிண்டால் 1, 2, 3, 4, 5 என்று எழுதினார். அவ்வளவுதான் அலங்காரம். ஆனால் உள்ளே மணியத்தின் படங்கள் அத்தனையும் இருந்தன. ஓவியர் மணியத்தைக் கூட்டிக்கொண்டு இலங்கை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினார் கல்கி. அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்குப் பிறகு யார் வரைந்த வந்தியத்தேவனும் வந்தியத்தேவன் இல்லை. இது என் தீர்ப்பு, சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

ஐந்தும் ஒரே உயரம். ஆனால் ஒரே பருமன் இல்லை. செட்டாக வைக்க ஆசைப்படுகிற எல்லாரையும் பொன்னியின் செல்வன் இந்த இடத்தில்தான் மடக்குகிறது. முதல் பாகம் 57 அத்தியாயம், இரண்டாவது 53, மூன்றும் நாலும் 46, 46. கடைசிப் பாகம் மட்டும் 91! மொத்தம் 293. அதனால் எந்தப் பெட்டியில் போட்டாலும் தியாக சிகரம் தொந்தி பெருத்த மாமாவைப்போல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதை இதுவரை எழுதியதில்லை.

எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அடுத்த வீடு ஸ்டோர் கீப்பருடையது. அவர் மனைவியை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். ஆனால் கதை என்றால் உயிர். அவர்கள் மகள், என்னைவிட இரண்டு வயது சின்னவள், ராத்திரி அரிக்கேன் விளக்கில் உரக்கப் படிப்பாள், அத்தை கேட்பார். எங்கள் வீட்டிலிருந்து ஒவ்வொரு பாகமாக வாங்கிப்போய்ப் படித்தார்கள். முதல் பாகம் திரும்பி வந்தது, இரண்டாவது திரும்பி வந்தது.

1967-ஆம் வருஷம் ஒரு சனிக்கிழமை, அம்மா குளித்துக்கொண்டிருந்தபோது அத்தை மூன்றாவது பாகத்தை வாசலில் என் கையில் கொடுத்தார். “அம்மாட்ட குடுத்துரு கண்ணு, நாலாவதுக்குச் சாயங்காலம் வரேன்னு சொல்லு” என்றார். அன்று நான் ஒரு சாமான் கொடுக்க கேத்தியில் இருந்த பெரியம்மா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. ரயிலில் படிக்கலாமே என்று புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் விடமாட்டாள்.

குன்னூரில் மலை ரயிலில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். கோடிக்கரையில் பூங்குழலி ஓடம் விடுகிற இடம். வெலிங்டன் தெரியவில்லை, அருவங்காடு தெரியவில்லை. கேத்தியில் வண்டி நின்றதே தெரியவில்லை. கார்டு விசில் கொடுத்த பிறகு அடித்துப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பெரியம்மாவின் சாமான் கையில் இருந்தது. புத்தகம் சீட்டில் இருந்தது. வண்டி லவ்டேல் பக்கம் புகைவிட்டுக்கொண்டு போய்விட்டது.

ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லியிருந்தால் ஊட்டிக்குப் போன் போட்டிருப்பார். அந்த வண்டிக்கு அதற்கு மேல் போக ஊரே கிடையாது. புத்தகம் எங்கே போயிருக்க முடியும்? சாயங்காலமே கிடைத்திருக்கும். இந்த ஒரு சின்ன காரியத்தை ஏன் செய்யவில்லை என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். பதினாலு வயதுப் பயம் என்பதற்கு மேல் பதில் கிடைக்கவில்லை.

சாயங்காலம் அத்தை வந்தார். அம்மா சிரித்துக்கொண்டே, “மூணாவது முடிச்சாச்சா? எடுத்துட்டு வாங்க, நாலாவதைத் தரேன்” என்றாள்.

“காலையிலயே குடுத்துட்டேனே, தம்பி கையில.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான், “இல்லம்மா, என்கிட்ட யாரும் தரலை” என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. அம்மா சண்டை போடவில்லை. “பரவாயில்லை, வீட்டுல எங்கேயாவது இருக்கும், தேடிப் பாருங்க” என்றாள். அந்தத் தணிந்த குரல் சண்டையைவிட மோசமாக இருந்தது. அத்தை என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். திட்டவில்லை. திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் படி ஏறவில்லை. அடுத்த வருஷம் அவர்களுக்குக் கூடலூர் பக்கம் வேறு எஸ்டேட்டுக்கு மாற்றலானது. லாரியில் சாமான் ஏற்றும்போது அம்மா ஜன்னலைத் திறக்கவில்லை.

அம்மா இருந்தவரைக்கும் யாராவது புத்தகம் இரவல் கேட்டால், “ஒரு தரம் குடுத்து மூணாவது போச்சு” என்பாள். அலமாரியில் 2-க்கும் 4-க்கும் நடுவில் இடம் விட்டே வைத்திருந்தாள். 1996-இல் போய்ச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் இருந்த பத்து நாளில் மூன்று தரமாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொல்லவில்லை.

என் சேகரிப்புப் பைத்தியம் இங்கிருந்துதான் வந்தது. 1999-இல் அரசாங்கம் கல்கியின் எழுத்துகளை நாட்டுடைமையாக்கியது. அப்புறம் ஆளாளுக்குப் பதிப்பித்தார்கள். மலிவுப் பதிப்பு, கெட்டி அட்டை, அட்டைப் பெட்டியோடு பரிசுப் பதிப்பு என்று வந்துகொண்டே இருந்தது. 2011-இல் நான் ஓய்வு பெற்றபோது ஆபீஸில் பெட்டியோடு ஒரு செட் கொடுத்தார்கள். படம் வந்த 2022-இல் மகன் இன்னொன்று வாங்கி வந்தான். அழகான செட்கள்தான். ஆனால் மலையில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அட்டைப் பெட்டி நம் ஊருக்கு ஆகாது. குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. வாரக்கணக்கில் வெயில் தெரியாது. காற்றுப் புகாத பெட்டிக்குள் புத்தகத்தை இறுக்கிச் சொருகி வைத்தால் மார்கழியில் உருவும்போது முதுகெல்லாம் பூஞ்சை பூத்திருக்கும். என் ரிடயர்மென்ட் செட்டுக்கு அதுதான் கதி. மழை பிடித்ததும் பெட்டியிலிருந்து எடுத்து நிற்கவையுங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி விட்டு. தட்டை நீலகிரித் தைலம் தொட்ட துணியால் துடையுங்கள். புத்தகத்தைத் துடைத்துவிடாதீர்கள், கறை படியும். ராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டையும் வசம்பும். அலமாரிக்குள் ஒரு நாற்பது வாட் குண்டு பல்பு எரியவிடுவது எங்கள் அப்பா காலத்து வைத்தியம். இப்போது குண்டு பல்புதான் கிடைப்பதில்லை.

நான் தேடியது இந்தப் பெட்டிகளை இல்லை. மூன்றாம் பாகத்தை. புதுப் புத்தகம் இல்லை, பத்திரிகையிலிருந்து பிரித்துத் தைத்தது. சென்னைக்குப் போகும்போதெல்லாம் திருவல்லிக்கேணி பழைய புத்தகக் கடைகளில் விசாரிப்பேன். ஐந்து பாகமும் சேர்ந்து கிடைத்தது உண்டு, யானை விலை. தனியாக மூன்றாவது யாரும் விற்கமாட்டார்கள். 2012-இல் கிடைத்தது. கறுஞ்சிவப்பு ரெக்ஸின் கட்டு. முதல் பக்கத்தில் யாரோ ஒரு அம்மாள் பென்சிலில், ஒவ்வொரு வாரம் இதழ் வந்த தேதியையும், அன்று வீட்டில் என்ன விசேஷம் என்பதையும் குறித்துவைத்திருந்தார். ‘குழந்தைக்கு அம்மை’, ‘அண்ணா வந்திருக்கிறான்’ இப்படி.

அதைப் பச்சைக் காலிகோவில் மாற்றிக் கட்டச் சொல்லி ஊட்டியில் ஒரு வயதான பைண்டரிடம் கொண்டுபோனேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, “மறுபடி தைச்சா ஓரம் வெட்டணும் சார். பென்சில் எழுத்து பாதி போயிரும். பரவாயில்லையா?” என்றார். திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நாலு பச்சை, நடுவில் ஒரு சிவப்பு. பார்க்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். தச்சரிடம் சொல்லி சில்வர் ஓக் பலகையில் ஒரு பெட்டி செய்தேன். முன்பக்கம் திறந்தது, பின்பக்கம் காற்றுக்குத் துளை, ஐந்து அறை. ஐந்தாவது அறை மட்டும் அகலம்.

இந்தச் சித்திரையில் கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்தில் அத்தையின் மகளைப் பார்த்தேன். ஐம்பத்துச் சொச்சம் வருஷம். அவள்தான் அடையாளம் கண்டுகொண்டாள். அத்தை காலமாகிப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டதாம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, பாயசம் வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு, “அம்மாவுக்குத் தெரியும்ணா. பையன் எங்கயோ தொலைச்சுட்டு பயந்துக்கிட்டான்னு அன்னைக்கே சொன்னாங்க” என்றாள்.

“அப்ப ஏன் எங்கம்மாகிட்ட வந்து சொல்லலை?”

“உங்களுக்கு அடி விழும்னு அப்பா வேண்டாம்னாராம். ஆனா அம்மாவுக்குக் கோபம் உங்க மேல இல்லைண்ணா. அத்தனை வருஷம் பழகியும் உங்கம்மா நம்பலையேன்னுதான். அதைக் கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்க.”

எனக்குப் பாயசம் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே, “நானும் அதுக்கப்புறம் அந்தக் கதையைத் தொடலை. படத்துக்குக்கூட பசங்க கூப்பிட்டாங்க, போகலை. மூணாவதோட நிக்குது” என்றாள். கை கழுவும் இடத்தில் மறுபடி பிடித்துக்கொண்டாள். “நாலாவது இன்னும் உங்ககிட்ட இருக்கா?”

அடுத்த வாரம் நானே பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். மனைவிக்கு ஆச்சரியம். ஒரு புத்தகத்தை வெளியே விடாத மனுஷன் ஆயிற்றே.

ஆறு மாதம் ஆகிறது. போன வாரம் போன் செய்தாள். கண்ணில் புரை ஆபரேஷன் ஆனதால் பாதியில் நிற்கிறதாம். “அவசரமா வேணுமாண்ணா?” என்றாள். மெதுவாகப் படி, ஐந்தாவது இதைவிட இரண்டு மடங்கு என்றேன்.

இங்கே மழை பிடித்துவிட்டது. நேற்று பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்துவைத்தேன். நாலாவது அறையில் போட்டிருந்த அந்துருண்டை கரைந்து பட்டாணி அளவு ஆகியிருந்தது. புதிதாக இரண்டு போட்டேன்.