ஓசையின்றி வந்த விபத்து

முப்பது வருடங்களாக விபத்துச் செய்திகளை எழுதியும் திருத்தியும் வந்தவன் நான். "மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்" என்ற வாக்கியத்தை எத்தனை தடவைகள் எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் விபத்து எனக்கே நேர்ந்தபோது, செய்யவேண்டியவற்றில் ஒன்றையேனும் ஒழுங்காகச் செய்யவில்லை.

2022இல் பெற்றோல் வரிசைகளில் நின்று அலுத்துப்போய் வாங்கிய மின்சார ஸ்கூட்டர் அது. பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியவர்களுக்குத் தெரியும், வண்டிக்கு முன்னரே புகையும் இரைச்சலும் வந்துவிடும். இதுவோ பூனை போல வரும். கொக்குவிலில் ஓர் ஒழுங்கை முகப்பில், ரியூசன் முடிந்து சைக்கிளில் வந்த சிறுவன் ஒருவன் திரும்பிப் பாராமலே வீதிக்கு ஏறினான். நான் வருவது அவனுக்குக் கேட்கவில்லை. ஹோர்ன் அடிக்க எனக்கும் தோன்றவில்லை. இருவரும் விழுந்தோம்.

விழுந்த வேகத்திலேயே வண்டியைத் தூக்க முயன்றேன். பெற்றோல் வண்டியென்றால் இயந்திரம் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்பதைக் காது சொல்லிவிடும். இதில் அது தெரியாது. கைபிடியைப் பற்றியபோது அக்ஸிலேற்றர் திருகுப்பட்டு, பின்சில்லு சுழன்று, வண்டி என்னையும் இழுத்துக்கொண்டு மதிலில் மோதியது. திறப்பைத் திருகி மின்னை நிறுத்திய பின்னரே அதில் கைவைத்திருக்க வேண்டும்.

சிறுவன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "ஒண்டுமில்லை ஐயா" என்றான். "எனக்கும் ஒண்டுமில்லைத் தம்பி" என்றேன். கூட்டம் கூடுமுன் போய்விட வேண்டுமென்ற அவசரம் இருவருக்கும். பெயர் கேட்கவில்லை, விலாசம் கேட்கவில்லை, கைத்தொலைபேசியில் ஒரு படம்கூட எடுக்கவில்லை. பெயரும் ஊரும் இல்லாத செய்தியை நிருபருக்கே திருப்பி அனுப்புகிறவன் நான்! 1990 இலக்கத்துக்கு அழைத்திருந்தால் இலவச அம்புலன்ஸ் வந்திருக்கும். 2018 முதல் வடக்கிலும் அந்தச் சேவை இருக்கிறது. (1990 என்றதும் மின்சாரம் போன வருடம்தான் எம்மவருக்கு முதலில் நினைவுக்கு வரும். அது வேறு கதை.)

வீட்டுக்கு வந்து, வழமைபோல வண்டியை விறாந்தையில் விட்டுச் சார்ஜரைச் செருகினேன். இரவு வந்த மருமகன், "மாமா, விழுந்த வண்டியை ஏன் சார்ஜில போட்டனீங்கள்?" என்று பதறிக்கொண்டு செருகியைப் பிடுங்கினான். இருக்கைக்குக் கீழே பற்றரிப் பெட்டியின் மூலையொன்று உள்நோக்கி நசுங்கியிருந்தது. லித்தியம் பற்றரிக்குள் இருக்கும் மெல்லிய தடுப்பு அடிபட்டுக் கிழிந்தால், உள்ளேயே மின் குறுக்கோட்டம் ஏற்பட்டுச் சூடேறும். உடனேதான் தீப்பிடிக்க வேண்டுமென்றில்லை, மணித்தியாலங்கள் கழித்தும், நாட்கள் கழித்தும் பற்றலாம். வீக்கம், சீறும் ஓசை, வழமையில்லாத மணம், தொட்டால் சூடு என்பன அதற்கான அறிகுறிகள். விறாந்தையை அடுத்த அறையில் என் தாயார் உறங்கிக்கொண்டிருந்தார். வண்டியை வீட்டுக்கும் கிடுகு வேலிக்கும் எட்டாத வெறும் முற்றத்துக்குத் தள்ளிச்சென்றோம். மறுநாள் திருத்துநர் பெட்டியைத் திறந்தபோது சில கலங்கள் வீங்கியிருந்தன.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. பெட்டியின் நசுங்கலை மூடி மறைத்த இருக்கையைப் போல, அந்தச் சிறுவனின் தலைமயிருக்குள் என்ன இருந்ததோ? தலையில் அடிபட்டவருக்குத் தலையிடி, வாந்தி, அரைமயக்கம் எல்லாம் பிந்தியும் வரலாம். ஒரு நாளாவது யாரேனும் கூடவிருந்து கவனிக்க வேண்டும். அவன் வீட்டில் யாருக்கேனும் விஷயம் தெரியுமா?

மறுநாள் மாலை அந்த ஒழுங்கை முகப்பில் காத்திருந்தேன். அவன் வரவில்லை. அடுத்த நாள் வந்தான். அன்றிரவு இரண்டு தடவை வாந்தியெடுத்து, வைத்தியசாலையில் ஓரிரவு வைத்திருந்து விட்டார்களாம். ஏச்சுக்குப் பயந்து, சைக்கிள் சறுக்கித் தானாகவே விழுந்ததாகச் சொல்லியிருக்கிறான். வண்டியொன்று மோதியது வைத்தியருக்கும் தெரியாது. அவனோடு வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். தாயார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "ஐயா, நீங்கள் அண்டைக்கே வந்திருக்கலாமே" என்றார்.

அங்கிருந்து நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். ஒருவர் காயமடைந்த விபத்தைச் சாரதி தாமதமின்றி அறிவிக்க வேண்டுமென்பது சட்டம். முறைப்பாட்டைப் பதிந்த உத்தியோகத்தர், இரண்டு நாள் தாமதத்துக்குக் காரணம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன்.