இரண்டு நிமிஷ ஆகாயப் பிரயாணம்

"தூரம் இவ்வளவு, வேகம் இவ்வளவு, நேரம் எவ்வளவு?" என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் எத்தனையோ வருஷமாகக் கணக்குப் போட்டு வருகிறோம். அந்தக் கணக்கே நம்மைப் பரிகாசம் செய்யும் இடம் ஒன்று உண்டு. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளில், வெஸ்ட்ரேக்கும் பாப்பா வெஸ்ட்ரேக்கும் நடுவே பறக்கும் விமானத்தைத்தான் சொல்கிறோம். இரு நிலையங்களுக்கும் தூரம் 2.7 கிலோமீட்டர். அட்டவணை நேரம் 2 நிமிஷம். காற்று அனுகூலமாயிருந்த ஒரு சமயம் 53 விநாடியிலேயே போய்ச் சேர்ந்திருக்கிறது. கால அட்டவணைப்படி நடக்கும் விமானப் பிரயாணங்களில் உலகிலேயே மிகக் குறுகியது இதுதான். 1967-ஆம் வருஷம் முதல் நடந்து வருகிறது.

இரண்டு நிமிஷம் என்றால் மணிக்கு 81 கிலோமீட்டர்தான். ரயிலே தேவலை என்பான் கெட்டிக்கார மாணவன். 53 விநாடிக்கோ 183 கிலோமீட்டர் ஆகிறது! காற்றின் திசை பார்த்து வட்டமிட்டு இறங்க வேண்டியிருந்தால் பொழுது கூடும். நேரே இறங்கினால் குறையும். புஸ்தகக் கணக்கில் காற்று ஏது?

கர்க்வால் பட்டணத்திலிருந்து நாம் ஏறிய விமானத்தில் எட்டுப் பிரயாணிகளுக்கே இடம். விமானிக்குப் பக்கத்து ஆசனத்திலும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நம் ஊர்ப் பஸ்ஸில் டிரைவருக்கு அருகே உட்காருவார்களே, அது போல. வெஸ்ட்ரேயில் இறங்கி மறுபடி எழும்பினோம். கீழே கடலைப் பார்த்து, "ஆஹா!" என்று சொல்லி முடிப்பதற்குள் சக்கரங்கள் தரையைத் தொட்டுவிட்டன.

பாப்பா வெஸ்ட்ரேயின் ஜனத்தொகை நூற்றுக்கும் குறைவு. ஆயினும் கடற்கரையில் சுமார் 5,500 வருஷங்களுக்கு முன் கட்டிய கல் வீடு இன்றும் நிற்கிறது. 'நாப் ஆப் ஹோவர்' என்று அதற்குப் பெயர். குனிந்து உள்ளே நுழைந்தோம். அடுப்பு மூட்டிய இடமும் கற்சுவரும் அப்படியே இருக்கின்றன. வெளியே வந்து விமானத்தைப் பார்த்தபோது எது அதிசயம் என்று புரியவில்லை.

வேடிக்கைக்காக வருகிறவர்கள் நம்மைப் போன்ற சிலர்தான். வைத்தியர்களும் உபாத்தியாயர்களும் வந்து போவதும், நோயாளிகள் பட்டணம் சேருவதும் இதில்தான். அதை மறுநாள் கண்கூடாகக் கண்டோம். மூடுபனி கவிந்து விமானம் வரவில்லை. கர்க்வால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய மூதாட்டி ஒருவர் பையை மடியில் வைத்துக்கொண்டு வானத்தையே பார்த்திருந்தார். "வருமா, அம்மா?" என்று கேட்டோம். "பனி விலகினால் வரும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வீட்டுக்கு நடந்தார்.

அதற்கடுத்த நாள் விமானம் வந்தது, ஆனால் இடமில்லை. நாம் நமது ஆசனத்தை அந்த அம்மையாருக்கு விட்டுவிட்டு, வெஸ்ட்ரேக்குப் படகு ஏறினோம். சுமார் 25 நிமிஷம் ஆயிற்று. கரை சேருமுன்பே அவருடைய விமானம் எங்கோ போய்விட்டது.