கழுத்தில் சிறகில்லாத கோழியைத் தேடி…

பதினோரு முட்டை வாங்க இரண்டு பஸ் மாறிப் போய் வந்தேன் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். என் வீட்டுக்காரரும் சிரிக்கத்தான் செய்தார். "கடையில் இல்லாத முட்டையா?" என்றார். நான் தேடிப் போன முட்டை எந்தக் கடையிலும் கிடைக்காது, சகோதரிகளே!

எங்கள் வீடு பூதப்பாண்டிப் பக்கம். நான் மருமகளாக வந்தபோதே தொழுவத்தில் கழுத்தில் ஒரு சிறகுகூட இல்லாத கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. சிவந்த வெறுங்கழுத்தைப் பார்த்து, "ஏதோ சீக்கு வந்த கோழி" என்று முகம் சுளித்தேன். மாமியார் சிரித்துவிட்டு, "இதோட சாதியே அதுதான். சித்திரை வெயில்ல மத்த கோழி வாயைப் பிளந்து இரைக்கும், இது பாட்டுக்கு மேயும், பாரு" என்றார்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் இதைக் கிராப்புக் கோழி என்பார்கள். கழுகுக் கோழி என்றும் சொல்வதுண்டு.

மாமியார் காலமான பிறகும் அந்த இனத்தை நான் விடவில்லை. ஆனால் போன வருஷம் மாசி மாதம் கால்நடைத் துறையினர் தடுப்பூசி முகாம் போட்டபோது, வீட்டில் விருந்தாள் இருந்ததால் 'பிறகு பார்ப்போம்' என்று இருந்துவிட்டேன். பங்குனியில் வெள்ளைக்கழிச்சல் வந்தது. நாலே நாளில் பதினான்கு உருப்படியும் போயின. கூடு வெறுமையாகக் கிடந்ததைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. மாமியார் விட்டுப்போனதை என் அசட்டையால் தொலைத்துவிட்டேனே!

அப்போதுதான் குலசேகரத்தில் இருக்கும் சின்ன மாமி (மாமியாரின் தங்கை) ஞாபகம் வந்தது. பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு சேவலையும் இரண்டு பெட்டையையும் மாமியார் அவர்களுக்குக் கொடுத்தனுப்பினார்கள். 'நல்ல முட்டைக்கோழியைத் தூக்கிக் கொடுக்கிறார்களே' என்று அன்று நான் உள்ளுக்குள் முணுமுணுத்தது உண்மை.

ஆவணியில் ஒரு நாள், ஓலைக் கடவத்தில் உமி நிரப்பிக்கொண்டு புறப்பட்டேன். பூதப்பாண்டியிலிருந்து வடசேரி வரை இரண்டு பக்கமும் வயல். கன்னிப்பூக் கதிர் தலை சாய்ந்து நின்றது. வடசேரியில் பஸ் மாறி, தக்கலை தாண்டித் திருவட்டாறு போகப் போக வயல் மறைந்து, மேடும் பள்ளமுமாய் ரப்பர்த் தோட்டமும் பலாவும் மரச்சீனியுமாக மாறிவிடும். ஒரே மாவட்டம்தான், ஆனாலும் வேறு நாட்டுக்கு வந்ததுபோல் இருக்கும். பெண்கள் பேச்சில் மலையாள வாடையும் கொஞ்சம் கூடும்.

சின்ன மாமி வீட்டு முற்றத்தில் கால் வைத்ததும் கண்ணில் பட்டது ஒரு வெறுங்கழுத்துச் சேவல். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன மக்களே, கோழியைப் பாத்து அழுகிய?" என்றார்கள். விஷயத்தைச் சொன்னேன். அவித்த மரச்சீனியும் மீன்கறியும் வைத்துக்கொண்டே, "இது உங்க வீட்டுச் சாதிதானே! கைமாறி வச்சிருந்தேன், எடுத்துட்டுப் போ. முட்டைக்குப் பைசா வேண்டாம். பெருகினதும் ரெண்டு வீட்டுக்குக் குடு, அது போதும்" என்றார்கள்.

சேவலின் கழுத்து முன்புறத்தில் சின்னக் குஞ்சம்போல் கொஞ்சம் சிறகு இருந்தது. இதற்குக் காரணம் உண்டு. வெறுங்கழுத்துக் குணம் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால் கழுத்து அநேகமாக முழு மொட்டை. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் இப்படிக் குஞ்சம் இருக்கும். அப்படிப்பட்ட கோழிக்குப் பிறக்கும் குஞ்சுகளில் சில சாதாரணக் கழுத்தோடும் இருக்கும். ஒற்றைப் பங்கு வந்தவற்றுக்கு உடம்புச் சிறகும் சுமார் 20 சதவீதம் குறைவு. இரட்டைப் பங்கானால் சுமார் 40 சதவீதம். வெயிலைத் தாங்குவது அதனால்தான்.

ருமேனியா நாட்டு டிரான்சில்வேனியாவிலும் இப்படி ஒரு கோழி பேர்பெற்றது. 2011-ல் எடின்பரோ ரோஸ்லின் ஆய்வு நிலையத்தார் இந்தக் கழுத்தின் மரபணுக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். நம் நாட்டிலும் இஸத்நகர் மத்திய பறவை ஆராய்ச்சி நிலையம் இந்த இனத்தைக் கலந்து 'ஹிட்காரி' என்ற கோழியை உருவாக்கியிருக்கிறது. நான் சீக்குக் கோழி என்றதை உலகம் எப்படி மதிக்கிறது பாருங்கள்!

அடைவைக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேற்படாததாக, ரொம்பப் பெரிதும் சிறிதும் இல்லாததாக, கீறல் இல்லாததாக இருக்க வேண்டும். கழுவக்கூடாது, பிரிட்ஜில் வைக்கக்கூடாது. கூர்நுனி கீழே இருக்கும்படி உமியில் புதைத்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பஸ் குலுக்கியதால் ஒரு நாள் அப்படியே அசையாமல் வைத்திருந்தேன். என்னிடம்தான் கோழி இல்லையே! பக்கத்து வீட்டு அடைக்கோழியை இரவல் வாங்கி, இருட்டிய பிறகு மணல் பரப்பிய கூடையில் வைக்கோல் போட்டு உட்கார வைத்தேன். தீனியும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் இருந்தால் அது முட்டையை ஆறவிடாமல் திரும்பிவிடும்.

ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். எட்டுக்கால் பூச்சிபோல் சிவப்பு நரம்பு ஓடினால் கரு உண்டு. இரண்டு முட்டை வெறுமனே தெளிவாக இருந்தன; எடுத்துவிட்டேன். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு தொடவே இல்லை.

இருபத்தோராம் நாள் விடியலில் கீச்சுக் கீச்சென்று சத்தம்! எட்டுக் குஞ்சு பொரிந்தது. ஒன்று ஓட்டுக்குள்ளேயே போய்விட்டது. எட்டில் ஐந்துக்குப் பிறக்கும்போதே கழுத்து மொட்டை. பக்கத்து வீட்டுப் பெட்டை தன் கழுத்துச் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு, மொட்டைக்கழுத்துப் பிள்ளைகளையும் தன் பிள்ளைகளாகவே அணைத்துக்கொண்டது.

இந்தத் தடவை நான் ஏமாறவில்லை. முன்பே கூட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து நாலைந்து மாதம் காயப் போட்டிருந்தேன். ஏழாம் நாள் கால்நடை மருந்தகத்தில் கழிச்சலுக்குக் கண்ணில் சொட்டு மருந்து. எட்டாம் வாரம் ஊசி.

இப்போது குஞ்சுகள் பருவத்துக்கு வந்துவிட்டன. ஒரே வீட்டுக்குள் அண்ணன் தங்கையாகவே பெருகினால் வரவர முட்டை சரியாகப் பொரியாது. அதனால் ஒரு சேவலைச் சின்ன மாமிக்கு அனுப்பி, அங்கிருந்து ஒன்றை வாங்கிக்கொண்டேன். இரவல் கோழி தந்த பக்கத்து வீட்டாருக்கு ஒரு ஜோடி கொடுத்தாயிற்று. இன்னும் ஒரு வீடு பாக்கி.

மாமியார் அன்று தூக்கிக் கொடுத்தபோது முணுமுணுத்தேனே, அந்தக் கோழிகள்தான் இன்று எங்கள் தொழுவத்துக்குத் திரும்பி வந்திருக்கின்றன. உங்கள் வீட்டிலும் பழைய இனக் கோழி ஏதாவது மிஞ்சியிருந்தால், நாலு முட்டையை அடுத்த வீட்டுக்குக் கொடுத்து வையுங்கள்.