பிராங்பேர்ட் காட்டின் புளித்த மண்

பிராங்பேர்ட் என்றால் வங்கிக் கோபுரங்களும் விமான நிலையமும்தான் நினைவுக்கு வரும். ஆனா நகரத்துக்குத் தெற்கே ஒரு பெரிய காடே இருக்கு. ஷ்டாட்வால்ட். 1372-ல் பேரரசர் நான்காம் கார்லிடமிருந்து நகரம் விலை கொடுத்து வாங்கியது. நொய்-ஈசன்புர்க் பக்கம் போகிற டிராமில் ஏறி ஓபர்ஷ்வைன்ஷ்டீகேயில் இறங்கினா குளம், வாத்து, பிள்ளைகள் ஓடி விளையாட மரநிழல்.

இங்கேயே பள்ளிக்கூடம் போன உங்களுக்கு 'வால்ட்ஷ்டெர்பன்' என்ற சொல் ஞாபகம் இருக்கும். காடு சாகிறது என்று 1980-களில் ஜெர்மனியே பயந்தது. நிலக்கரிப் புகையின் கந்தகம் மழையில் கரைந்து அமிலமா இறங்கியது. அமிலம்னா என்னன்னு பிள்ளைக்குக் காட்ட, ரோட்கோல் வேகவைத்த தண்ணியில் எலுமிச்சை பிழிஞ்சாலே போதும், நிறம் மாறிடும். மண்ணில் நடப்பது கொஞ்சம் வேற. களிமண்ணும் மக்கும் பஸ் சீட்டு மாதிரி. கால்சியமும் மெக்னீசியமும் அதில் உட்கார்ந்திருக்கும். அமிலத்தின் ஹைட்ரஜன் வந்து அவற்றை எழுப்பி விட்டுடும். மண் ரொம்பப் புளித்துப்போனா அலுமினியம் கரைந்து வந்து மெல்லிய வேர்களைக் கெடுக்கும். மணல் கலந்த மண்ணில் சீட்டே குறைவு.

1983-ல் பெரிய அனல்மின் நிலையங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. கந்தகப் புகை 1990-லிருந்து தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. ஆனா போன கால்சியம் தானா திரும்பாது. அதனால்தான் ஹெஸ்ஸன் காடுகளில் ஹெலிகாப்டரில் சுண்ணாம்புத் தூள் தூவுறாங்க.

கடல் உப்பும் இதே சீட்டுச் சண்டையைத்தான் போடும். புளித்த மண்ணில் சோடியம் வந்து குவிந்தா, அது ஹைட்ரஜனையும் அலுமினியத்தையும் கிளப்பி ஓடையில் தள்ளும். 1993 ஜனவரிப் புயல்களுக்குப் பிறகு நார்வேயில் மீன்கள் செத்தது இப்படித்தான். நம்ம நாகப்பட்டினத்தில் 2004 சுனாமி வயலில் ஏறினப்ப கதை வேற மாதிரி. அங்கே சோடியமே சீட்டைப் பிடிச்சுக்கிட்டது. ஜிப்சம் போட்டு, அதிலுள்ள கால்சியத்தால் அதைக் கிளப்பி, மழைத் தண்ணியில் கழுவி வெளியேற்றினாங்க. இங்கே சுண்ணாம்பு, அங்கே ஜிப்சம். இரண்டிலும் கால்சியம் உண்டு, ஆனா சுண்ணாம்பில் அமிலத்தை முறிப்பது கார்பனேட்தான்.

பிராங்பேர்ட்டுக்குக் கடல் எட்டாத தூரம். இங்கே உப்பு குளிர்காலத்தில் மூட்டையில் வரும். பல ஜெர்மன் நகரங்களில் வீட்டு வாசலில் உப்புத் தூவத் தடை உண்டு. நாங்க சல்லியும் மணலும்தான் போடுறோம். எங்க தெருப் பெரியவர் ஒருத்தர் மட்டும் இன்னும் உப்புதான். அவர் வாசல் லிண்டன் மரத்துக்கு ஆகஸ்டிலேயே இலை ஓரமெல்லாம் கருகிடுது.